ஆள் கூடினால் பங்கு கூடுமா? அமெரிக்கக் கல்லூரி கான்ஃபரன்ஸ்களின் விரிவாக்கக் கணக்கு

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸில் (கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில்) மிஞ்சியிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் அன்று காலை ஒரு ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லிச் சேர்ந்தே இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். மாலைக்குள் ஐந்து போய்விட்டன. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற மற்றொன்றுக்குப் போயின. 1915-இல் போர்ட்லாந்து நகரில் நான்கு கல்லூரிகள் கூடித் தொடங்கிய மரபு, நூற்றாண்டைக் கடந்து வந்து, ஒரே பகலில் நான்கு பேரோடு நின்றது.

ஏன் விழுந்தது என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஆள் சேர்க்க வேண்டிய நேரத்தில் பேக்-12 சேர்க்கவில்லை என்பது ஒன்று. மற்றவர்கள் எல்லையில்லாமல் ஆள் சேர்த்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டுமே பாதி உண்மை. அதே பேக்-12 இப்போது புது உறுப்பினர்களோடு மீண்டும் எழுந்து நிற்கிறது. இன்னும் யாரையாவது சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு அங்கே ஓயவில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன, அந்தக் கணக்கில் யார் விட்டுப்போகிறார்கள் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே விரும்பிச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் சங்கம். அரசு வகுத்ததும் அல்ல, கல்லூரி விளையாட்டை மேற்பார்க்கும் என்சிஏஏ வகுத்ததும் அல்ல. யார் யாரோடு விளையாடுவது, கோப்பையை எப்படித் தீர்மானிப்பது, வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று எல்லாவற்றையும் உறுப்பினர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். ஓட்டுப் போடுபவர்கள் பயிற்சியாளர்களோ வீரர்களோ அல்ல, பல்கலைக்கழகத் தலைவர்கள். ஒரு புதிய கல்லூரி உள்ளே வர வேண்டுமென்றால் அவர்களில் பெரும்பான்மை, பல இடங்களில் நான்கில் மூன்று பங்கு, கை தூக்க வேண்டும். தொடக்ககாலத்தில் இந்தச் சங்கங்கள் ரயில் பாதையை ஒட்டி அமைந்தன. அணியும் பயிற்சியாளரும் சனிக்கிழமை போய் விளையாடிவிட்டு திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப முடிகிற தூரமே எல்லை. 1896-இல் தொடங்கிய பிக் டென் நெடுங்காலம் சிகாகோவைச் சுற்றியுள்ள மாநிலங்களுக்குள்ளேயே இருந்தது.

அந்த எல்லையை உடைத்தது ஒரு தீர்ப்பு. 1984 வரை கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களை எந்தத் தொலைக்காட்சியில், எத்தனை முறை காட்டலாம் என்பதை என்சிஏஏதான் முடிவு செய்தது. (இங்கே ஃபுட்பால் என்றால் எங்கும் அமெரிக்க ஃபுட்பால்தான்.) ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஃபுட்பால் வீரர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகப் பார்க்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. தனித்தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் பேரம் படியும் என்பதால், உரிமை கான்ஃபரன்ஸ்களிடம் குவிந்தது. விளையாட்டு அட்டவணை போடும் சங்கங்கள் ஒளிபரப்பு வியாபாரிகளாக மாறியது இப்படித்தான்.

சில ஆண்டுகளுக்குள் இன்னொரு வாசலும் திறந்தது. பன்னிரண்டு உறுப்பினர்கள் இருந்து, அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தால், பருவத்தின் முடிவில் ஒரு இறுதி ஆட்டம் நடத்தலாம் என்று என்சிஏஏ விதியில் இடம் இருந்தது. தெற்கு மாநிலங்களின் எஸ்இசி, ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டாகி, 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் இறுதி ஆட்டத்தை நடத்தியது. அலபாமா 28-21 என்று ஃபுளோரிடாவை வென்றது. அரங்கமும் நிரம்பியது, தொலைக்காட்சிப் பணமும் வந்தது. அதன்பின் பன்னிரண்டு என்ற எண் நாடெங்கும் ஒரு இலக்காகவே ஆகிவிட்டது.

விரிவாக்கத்தின் அடிப்படைக் கணக்கு எளிது. பத்துப் பேருக்கு வடித்த சோற்றில் பதினோராவது இலை போட்டால், வந்தவர் தன் பங்குக்கு மேல் அரிசி கொண்டுவந்திருந்தால் ஒழிய, எல்லார் இலையிலும் ஒரு கவளம் குறையும். பன்னிரண்டு கல்லூரிகள் ஆண்டுக்குத் தலா 3 கோடி டாலர் வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்றாவது கல்லூரி வருவதால் ஒப்பந்தத் தொகை 2 கோடி கூடினால், வந்தவருக்கு லாபம், இருந்தவர்களுக்கு நஷ்டம். வந்தவரின் மதிப்பு இருப்பவர்களின் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சராசரிக்கு மேல் மதிப்புள்ள கல்லூரி ஏற்கெனவே இதைவிடப் பெரிய கான்ஃபரன்ஸில் இருக்கும், அல்லது அங்கே போகக் காத்திருக்கும். நடுத்தர கான்ஃபரன்ஸ்களின் தீராத தலைவலி இது. சேர்க்க விரும்புகிறவர்கள் வரமாட்டார்கள், வர விரும்புகிறவர்களைச் சேர்த்தால் பங்கு குறையும்.

இந்தக் கணக்கைச் சில காலம் கேபிள் டிவி மறைத்து வைத்திருந்தது. பிக் டென் 2007-இல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. தன் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு கேபிள் நிறுவனம் கட்ட வேண்டிய தொகை, வெளி மாநில வீட்டுக்கானதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே புதிய உறுப்பினரின் ஆட்டத் திறமையை விட அந்த மாநிலத்தில் எத்தனை கேபிள் இணைப்புகள் என்பது முக்கியமாயிற்று. 2014-இல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் பிக் டென்னுக்குள் வந்தது பலருக்கும் புரியாத புதிராக இருந்தது, ஏனென்றால் இரண்டுமே ஃபுட்பாலில் பெரிய பெயர்கள் அல்ல. ஆனால் ரட்கர்ஸ் நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சி, மேரிலாந்து வாஷிங்டன் டி.சி.யையும் பால்டிமோரையும் ஒட்டிய நிலம். அந்த வீடுகளில் ஒருவர்கூட ஆட்டம் பார்க்காவிட்டாலும் மாதாமாதம் பணம் வரும்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2011 வாக்கில் ஏறக்குறைய 10 கோடி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல், 2020-களின் நடுவில் 7 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இணைப்பைத் துண்டித்தவர்கள் ஸ்ட்ரீமிங்குக்குப் போனார்கள். ஊரில் எத்தனை வீடு என்பதைவிட எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதே இப்போது விலை. இதை உணராமல், பெரிய நகரத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியைச் சேர்ப்பது பழைய கணக்கைப் புதிய ஏட்டில் எழுதுவதுதான்.

ஆள் சேர்த்தே அழிந்த கதை ஒன்று உண்டு. இன்றைய வாதங்களில் அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். மேற்கு மலை மாநிலங்களின் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ், 1996-இல் ஒரே மூச்சில் ஆறு கல்லூரிகளைச் சேர்த்துப் பதினாறாக வீங்கியது. 1984 தீர்ப்புக்குப் பிந்தைய காலத்தின் பெரிய கான்ஃபரன்ஸ்களில் முதன்முதலாகப் பதினாறு என்ற எண்ணை எட்டியது அதுதான். ஹவாயின் ஹொனலூலுவில் தொடங்கி ஓக்லஹோமாவின் டல்சா வரை ஒன்பது மாநிலங்கள், நான்கு நேர மண்டலங்கள். பதினாறு பேரையும் நான்கு நான்காகப் பிரித்து, அந்த நால்வர் குழுக்களை அவ்வப்போது மாற்றி மாற்றி இணைத்து அட்டவணை போட்டார்கள். யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று ரசிகர்களுக்கே குழப்பம். தலைமுறைகளாக ஆண்டுதோறும் மோதிய அணிகள் ஒன்றையொன்று பார்ப்பது அரிதாகிவிட்டது. பயணச் செலவு ஏறியது. வந்த பணமோ பதினாறாகப் பிரிந்தது.

1998-இல் பிரிகம் யங், யூட்டா, ஏர் ஃபோர்ஸ், கொலராடோ ஸ்டேட், வயோமிங் ஆகிய ஐந்தின் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடிப் பேசினார்கள். மேலும் மூவரை அழைத்துக்கொண்டு எட்டுப் பேராக வெளியேறி, 1999-இல் மவுண்டன் வெஸ்ட் என்ற புதிய கான்ஃபரன்ஸைத் தொடங்கினார்கள். பதினாறு நீடித்தது மூன்றே பருவங்கள். மிஞ்சிய எட்டுப் பேரும் அதன்பின் வெவ்வேறு வீடுகளைத் தேடிச் சிதறினார்கள், 2012-க்குப் பிறகு அந்த கான்ஃபரன்ஸ் ஃபுட்பாலையே கைவிட வேண்டிவந்தது. இதில் நான் கவனிப்பது எண்ணிக்கையை அல்ல. பிரிவைத் தொடங்கிய ஐவரும் ஒருவருக்கொருவர் பழைய பழக்கம் உள்ளவர்கள். நம்பிக்கை அவர்களுக்கிடையே இருந்தது, புதியவர்களோடு அது வளர நேரமே கிடைக்கவில்லை. நெருக்கடி வந்ததும் உள்வட்டம் தனியாகக் கூடிப் பேசியது. அளவுக்கு மீறி வளர்ந்த கான்ஃபரன்ஸ்கள் முன்பும் இப்படி உடைந்திருக்கின்றன. 1930-களின் தொடக்கத்தில் சதர்ன் கான்ஃபரன்ஸ் 23 பேரோடு இருந்தபோது 13 பேர் பிரிந்து எஸ்இசி உருவானது. மறுபடி அது 17 ஆனபோது, 1953-இல் ஏழு பேர் பிரிந்து ஏசிசி என்ற கான்ஃபரன்ஸ் உருவானது.

பேக்-12-இன் கதை இதற்கு நேர் எதிர் போலத் தோன்றும். 2010-இல், பத்துப் பேரோடு பேக்-10 என்ற பெயரில் அது இருந்தபோது, அதன் ஆணையர் (நிர்வாகத் தலைவர்) லாரி ஸ்காட், டெக்சஸ், ஓக்லஹோமா உட்பட ஆறு பேரை ஒரேயடியாக இழுத்துப் பதினாறு ஆக்கத் திட்டமிட்டார். டெக்சஸ் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. தனக்கென்று ஒரு சேனல் வேண்டும் என்பது அதன் ஆசை, மறு ஆண்டே ஈஎஸ்பிஎன்னோடு சேர்ந்து அதைத் தொடங்கிவிட்டது. பேக்-10-க்குக் கிடைத்தது கொலராடோவும் யூட்டாவும். 2011-இல் பேக்-12 ஆனது. அதே ஆண்டு ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் நிறுவனங்களோடு 12 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒப்பந்தம். அன்றைக்கு அது கல்லூரி விளையாட்டில் மிகப் பெரிய தொகை. ஆனால் 12 ஆண்டு என்பது நீண்ட காலம். மற்ற கான்ஃபரன்ஸ்கள் அடுத்தடுத்துப் புதிய விலை பேசியபோது பேக்-12 பழைய விலையிலேயே மாட்டிக்கொண்டது. முழுக்கச் சொந்தமாகத் தொடங்கிய பேக்-12 நெட்வொர்க் சேனலை டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனம் கடைசிவரை எடுக்கவே இல்லை.

2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக அறிவித்தன. பிக் 12-இல் எட்டுப் பேர் அநாதைகள் போல நின்றார்கள். அவர்களில் சிலரை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு பேக்-12-இன் வாசலில் நின்றது. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஆணையர் ஜார்ஜ் கிளியாவ்காஃப், 2021 ஆகஸ்ட் 26 அன்று, இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை என்று அறிவித்தார். இரண்டு நாட்களுக்கு முன்புதான் பிக் டென், ஏசிசி, பேக்-12 மூன்றும் ஒன்றையொன்று ஆதரிக்கும் கூட்டணியை அறிவித்திருந்தன. எழுத்தில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத, வாய்வார்த்தைக் கூட்டணி. அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று, அந்தக் கூட்டாளியான பிக் டென்னே பேக்-12 உறுப்பினர்களான லாஸ் ஏஞ்சலிஸின் யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் தூக்கிக்கொண்டது.

அதன்பிறகு நடந்தது காலத்தோடு ஓடும் போட்டி. பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பேக்-12-ஐ முந்திக்கொண்டு பிக் 12, 2022 அக்டோபரில் ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. கல்லூரிக்கு ஆண்டுக்குச் சராசரி 3.17 கோடி. பேக்-12-க்கு ஒரு ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் புதியவர்களைச் சேர்ப்பது என்பது தலைவர்களின் நிலை. புதியவர்கள் யார் என்று தெரியாமல் வாங்குபவர்களும் விலை சொல்லத் தயங்கினார்கள். சான் டியேகோ ஸ்டேட் அழைப்பு வரும் என்று காத்திருந்தது. 2023 ஜூன் 30-க்குள் மவுண்டன் வெஸ்டுக்கு விலகல் கடிதம் கொடுக்காவிட்டால் வெளியேற்றக் கட்டணம் இரட்டிப்பாகும். ஒரு கடிதம் எழுதி, அது விலகல் கடிதம் அல்ல என்று பின்வாங்கி, கடைசியில் அங்கேயே இருந்தது. ஜூலை 27-இல் கொலராடோ பிக் 12-க்குத் திரும்பியது. எஞ்சியவர்களுக்கு ஆப்பிள் முன்வைத்தது ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம். அடிப்படைத் தொகை குறைவு, சந்தாதாரர்கள் பெருகினால்தான் வருமானம் கூடும். அதை நம்பி இருக்க ஆரிகனும் வாஷிங்டனும் தயாராக இல்லை. பிக் டென்னில் முழுப் பங்கில் பாதியே கிடைக்கும் என்று தெரிந்தும் போனார்கள்.

2021-இல் நான்கு பேரைச் சேர்த்திருந்தால் பேக்-12 பிழைத்திருக்குமா? யூஎஸ்சி போவதை அது தடுத்திருக்காது என்றே நினைக்கிறேன். பிக் டென் கொடுத்த பணத்துக்கு ஈடாக எந்தச் சேர்க்கையும் வந்திருக்க முடியாது. ஆனால் பிக் 12 பலவீனமாகி, போக்கிடம் இல்லாத கொலராடோவும் அரிசோனாவும் உள்ளேயே இருந்திருக்கும். அதாவது, சில நேரங்களில் ஒரு கல்லூரியைச் சேர்ப்பதன் பயன் அது கொண்டுவரும் பணத்தில் இல்லை, பக்கத்துக்காரனுக்கு அது கிடைக்காமல் போவதில் இருக்கிறது. இலைக் கணக்கில் வராத இந்தத் தற்காப்புக் கணக்கைப் பேக்-12 தலைவர்கள் போடவே இல்லை.

நடுத்தெருவில் நின்ற நால்வரில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் (பெர்க்லி) போன இடம் இன்னும் வியப்பானது. அட்லாண்டிக் கரையின் ஏசிசி, 2023 செப்டம்பர் 1 அன்று பசிபிக் கரையின் இந்த இருவரையும், டெக்சஸின் டாலஸ் நகரிலுள்ள எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தையும் சேர்த்தது. ஏசிசியின் ஈஎஸ்பிஎன் ஒப்பந்தப்படி புதிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கு கூடுதலாக வரும். ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் முதல் ஏழு ஆண்டுகள் ஏறத்தாழ 30 சதவீதப் பங்கு போதும் என்றன. எஸ்எம்யூ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்றது. மிஞ்சிய பணத்தைப் பழையவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உள்ளே நுழைந்தவர்களின் காசில்தான் அந்த விரிவாக்கம் லாபகரமானது. அப்படியும் ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலினா மூன்றும் எதிர்த்து வாக்களித்தன.

எஸ்எம்யூவின் முடிவைப் பித்துக்குளித்தனம் என்றவர்கள் உண்டு. அதன் பின்புலம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. டெக்சஸ் கல்லூரிகளின் பழைய கான்ஃபரன்ஸ் 1996-இல் கலைந்தபோது டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் நால்வரும் பிக் 12-க்குப் போக, விடுபட்டவர்களில் எஸ்எம்யூவும் ஒன்று. அது போய்ச் சேர்ந்த இடம்தான் மேலே சொன்ன பதினாறு பேர் கான்ஃபரன்ஸ். அதன்பின் இன்னும் இரண்டு வீடுகள் மாறியது. கால் நூற்றாண்டு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே நிற்பதன் விலை தெரியும். அழைப்பு வந்த ஒரே வாரத்தில் நன்கொடையாளர்கள் 10 கோடி டாலர் திரட்டினார்கள். 2024-இல், முதல் பருவத்திலேயே, ஏசிசி ஆட்டங்கள் எட்டையும் வென்று, இறுதி ஆட்டத்தில் கிளெம்சனிடம் 34-31 என்று தோற்றாலும், பன்னிரண்டு அணிகளின் தேசிய பிளேஆஃபுக்குப் போனது.

இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாமே ஃபுட்பால் கணக்கு. என் மனதை அரிக்கும் விஷயம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு ஃபுட்பால் அணி பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் ஆறு ஏழு உள்ளூரில். வெளியூர் ஆட்டத்துக்குத் தனி விமானம், பெரும்பாலும் சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு நான்காயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் வகுப்பு பெரிதாகத் தவறாது. ஆனால் கான்ஃபரன்ஸ் மாறும்போது ஃபுட்பாலோடு சாஃப்ட்பால், வாலிபால், சாக்கர், டென்னிஸ் எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. சாஃப்ட்பாலில் பருவத்துக்கு 56 ஆட்டங்கள் வரை ஆட விதி இடம் தருகிறது. வாலிபால் வாரநாட்களிலும் உண்டு. அந்த மாணவிகளுக்குப் பெரும்பாலும் தனி விமானம் கிடையாது. விமான நிலையத்தில் காத்திருந்து, ஒரு இடத்தில் இறங்கி மாறி, மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஆடிவிட்டு, நள்ளிரவு தாண்டித் திரும்பி, காலையில் வேதியியல் தேர்வு எழுத வேண்டும். இவர்களில் மிகச் சிலருக்கே தொழில்முறை விளையாட்டில் இடம் உண்டு, மற்றவர்களுக்கு அந்தப் பட்டம்தான் வாழ்க்கை.

மறுதரப்பு வாதத்தை நான் ஒதுக்கவில்லை. யூசிஎல்ஏவின் விளையாட்டுத் துறை சில ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறையில் விழுந்திருந்தது. பிக் டென் பணம் இல்லாவிட்டால் சில விளையாட்டுகளையே மூட வேண்டியிருக்கும் என்றது அதன் தரப்பு. அது பொய்யல்ல. ஸ்டான்ஃபோர்டு போன்ற செல்வந்தப் பல்கலைக்கழகமே 2020-இல் தன் 36 விளையாட்டுகளில் 11-ஐ நிறுத்துவதாக அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகே திரும்பப் பெற்றது. கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட் 2025-இல் தடகளத்தில் தாண்டுதல், எறிதல் பிரிவுகளை நிறுத்திவிட்டு நெடுந்தூர ஓட்டத்தோடு சுருங்கிக்கொண்டது. அதே ஆண்டு நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சமரசப்படி, ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாக, மொத்தமாக, முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்றாகிவிட்டது. வீரர்களுக்கு அது நியாயமான உரிமை. ஆனால் அந்தப் பணத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், அதனால் விரிவாக்கப் பசி இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆனால் ஃபுட்பால் பணம் வேண்டும் என்பதற்காக வாலிபால் அணி ஏன் கண்டம் தாண்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. பிரித்து வைக்க முடியாது என்று எந்த இயற்கை விதியும் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகம் 2012 முதல் ஃபுட்பாலை மவுண்டன் வெஸ்டில் ஆடியபடி, மற்ற விளையாட்டுகளைக் கலிஃபோர்னியாக் கல்லூரிகளின் பிக் வெஸ்டில் நடத்தியது. இலினாயின் டிகால்ப் நகரிலிருக்கும் நார்தர்ன் இலினாய், 2026 முதல் ஃபுட்பாலை மட்டும் மவுண்டன் வெஸ்டுக்குக் கொண்டுபோய், மற்றவற்றைப் பக்கத்து மாநிலங்களின் ஹொரைசன் லீக்கில் வைப்பதாக முடிவெடுத்தது. பேக்-12-இல் இருவராக மிஞ்சிய ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2024 முதல் பெரும்பாலான மற்ற விளையாட்டுகளை வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடின. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் உதாரணம் எல்லாவற்றையும்விட அழுத்தமானது. ஃபுட்பாலுக்காக ஒட்டிக்கொண்டிருந்த அமெரிக்கன் கான்ஃபரன்ஸை உதறி, 2020-இல் தன் பழைய பிக் ஈஸ்டுக்கே பாஸ்கெட்பாலைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஃபுட்பால் அணி எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாமல் தனியாக நின்றது. ஆண்கள் பாஸ்கெட்பால் அணி 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் தேசியக் கோப்பையை வென்றது, 2025-இல் பெண்கள் அணி வென்றது.

இப்போது புதிய பேக்-12. ஃபுட்பால் கான்ஃபரன்ஸாக அங்கீகாரம் பெற எட்டு முழு உறுப்பினர்கள் வேண்டும், குறைந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் என்பது என்சிஏஏ விதி. அந்த அவகாசத்துக்குள் ஆள் தேடி, மிஞ்சிய இருவரும் ஓடினார்கள். 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், பிறகு யூட்டா ஸ்டேட். எல்லாருமே மவுண்டன் வெஸ்டிலிருந்து வந்தவர்கள். ஓராண்டு முன்பு அந்த இருவருக்கும் விளையாட எதிரணிகளைத் தந்து உதவிய மவுண்டன் வெஸ்ட், அந்த உடன்படிக்கையிலேயே ஆள் பிடித்தால் அபராதம் என்று எழுதி வாங்கியிருந்தது. முதல் கல்லூரிக்கு 1 கோடி டாலர், ஒவ்வொன்றுக்கும் மேலும் 5 லட்சம் ஏறும். ஐந்துக்கும் சேர்த்து 5.5 கோடி. வழக்கு அங்கே தொடங்கியது. மெம்ஃபிஸ், டுலேன் உட்பட நான்கு கல்லூரிகளுக்கு வலை வீசியபோது அவை வரவில்லை. பாஸ்கெட்பாலுக்குப் பெயர்பெற்ற, ஃபுட்பாலே இல்லாத கொன்சாகா வந்தது. எட்டாவது ஃபுட்பால் அணியாக 2025 ஜூன் 30-இல் டெக்சஸ் ஸ்டேட் வந்து எண்ணிக்கையை நிரப்பியது. புதிதாக வந்த ஆறு ஃபுட்பால் கல்லூரிகளுமே வெவ்வேறு காலங்களில் அந்தப் பழைய வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸில் இருந்தவை. வரலாறு தெரிந்தவர்கள் அந்த அறையில் நிறைய.

எட்டு என்பது விளிம்பு. நாளை பிக் 12 பாய்சியையோ சான் டியேகோவையோ அழைத்தால் மறுபடி அவகாசத்தில் ஓட வேண்டும். அதனால் ஒன்பதாவது, பத்தாவது ஃபுட்பால் அணி தேவை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மெம்ஃபிஸையோ வேறொரு கிழக்குக் கல்லூரியையோ முழு உறுப்பினராக இழுப்பது தவறு என்பேன். கோர்வாலிஸிலும் புல்மனிலும் இருக்கும் சிறு நகரக் கல்லூரிகளான ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் தங்கள் சாஃப்ட்பால் அணியை மெம்ஃபிஸ்வரை அனுப்ப வேண்டியிருந்தால், அவர்களைக் கைவிட்டுப் போன பெரியவர்கள் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள். தேவைப்பட்டால் ஃபுட்பாலுக்கு மட்டும் சேர்க்கலாம், மற்ற விளையாட்டுகள் அவரவர் ஊர்ப்பக்கமே இருக்கட்டும். கொன்சாகாவை ஃபுட்பால் இல்லாமல் ஏற்க முடிந்தவர்களுக்கு, ஒரு கல்லூரியை ஃபுட்பாலோடு மட்டும் ஏற்பதும் முடியும். அப்படிச் சேர்ந்தவர்கள் எட்டு என்ற எண்ணில் கணக்காக மாட்டார்கள் என்பது உண்மைதான். எட்டுக்கு மேல் வேண்டிய முழு உறுப்பினரை மலை மாநிலங்களிலேயே பொறுமையாகத் தேடலாம்.

அவசரமும் இல்லை. பிக் டென்னின் ஒப்பந்தம் 2030-இல் முடிகிறது, பிக் 12-இன் ஒப்பந்தமும் சிபிஎஸ்ஸோடு பேக்-12 போட்ட ஒப்பந்தமும் 2031-இல். ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன் வழக்குகளின் சமரசப்படி, ஏசிசியை விட்டு வெளியேறும் கட்டணமும் 2030-31-இல் 7.5 கோடி டாலருக்கு இறங்குகிறது. எல்லாப் பூட்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கும். அதற்கு முன் முழுப் பங்கோடு யாரைச் சேர்த்தாலும் அது ஐந்து ஆண்டுக்கான முடிவுதான். ஆகவே சேர்க்கிறவர்களிடம் ஒளிபரப்பு உரிமையை எழுதி வாங்கும்போது, எந்த விளையாட்டு எந்தக் கான்ஃபரன்ஸில் என்பதையும், வாரநாளில் எத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஒரு மாணவியை அனுப்பக் கூடாது என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிட வேண்டும். பேக்-12 தலைவர்கள் அடுத்த வாக்கெடுப்புக்குக் கூடும்போது மேசையில் முதலில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்.